சுவர்க்கல் போட்டுக் காய்ச்சிய தண்ணீர்

அட்ராக்டா லினான் பயப்படுவதற்குக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. மாடு இருமினாலும் பயம், இருமாவிட்டாலும் பயம். கிளேர் மாவட்டத்தில் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரி. கல்யாணம் கட்டாமல் தம்பி பேக்கியோடு மாடுகளைப் பார்த்துக்கொண்டவள். அந்த வருஷம் அவள் கவலையெல்லாம் தம்பியின் இடுப்பு. ஆபரேஷனுக்கு முறை வருவதாக இல்லை. காலுறையை மாட்ட முடியாமல் அவன் கட்டிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அவர்கள் வயலில், ஊற்றுக்குப் பக்கத்தில், லாட வடிவில் ஒரு கருப்பு மேடு உண்டு. உள்ளே கரியும் வெந்து வெடித்த சிவப்புக் கற்களும்தான். எந்தக் காலத்து மனிதர்களோ கல்லைப் பழுக்கக் காய்ச்சி, பள்ளத்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்திருக்கிறார்கள். எதற்கு என்பதில்தான் சண்டை. இறைச்சி வேகவைக்க என்பார் ஒருவர், பீர் காய்ச்ச என்பார் இன்னொருவர். பேக்கி குளிக்கத்தான் என்று முடிவுகட்டிவிட்டான்.

"இடுப்பு வரைக்கும் அந்தச் சூட்டுல உக்காந்தா வலி ஓடிடும்கா."

"பழங்காலச் சின்னம்டா அது, மேட்டைத் தொட்டா அரசாங்கம் வந்து நிக்கும்!"

தொடவில்லை. ஊற்றோரம் பழைய மாட்டுத் தொட்டியை நிரப்பினான். சிவப்புக் கல் தேடி மலைக்குப் போக இடுப்பு விடவில்லை. வயல் சுவரிலிருந்து சாம்பல் நிறக் கற்களை உருவி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு நெருப்பில் அடுக்கினான். மாலையில் ஒவ்வொன்றாகத் தொட்டியில் போட, தண்ணீர் சீறிப் பால்போல வெளுத்தது. வேடிக்கை பார்க்கப் போன நானும் சேர்ந்து மூன்று பேரும் கைதட்டினோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

சூடு தணிந்ததும் பேக்கி சட்டையைக் கழற்றினான். நான் துண்டோடு நின்றேன்.

"இருடா. அடியில கூர்க்கல்லு கெடக்கும், காலைக் கிழிச்சிடும்."

"நீ பொறக்கும்போதே பயந்துக்கிட்டுதான் பொறந்திருப்ப. தள்ளுக்கா!"

அவள் தள்ளவில்லை. முழங்கைவரை கையை விட்டு அடியைத் துழாவினாள். கையில் அகப்பட்ட கல் அங்கேயே பொரிந்து உடைந்தது. அவள் அலறிய அலறலில் நான் துண்டைக் கீழே போட்டுவிட்டேன். வெளியே வந்த கையில் வெள்ளைக் களி அப்பியிருந்தது.

"சுண்ணாம்பு! ஐயோ, சுண்ணாம்புக்கல்லை வேகவச்சிட்டேனே!" என்று பேக்கி கத்தினான்.

எங்கள் ஊர்ச் சுவரெல்லாம் அந்தக் கல்தான். வீட்டுக்கு வெள்ளையடிக்க அதைத்தான் சுடுவோம். மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பேக்கி இடுப்பை மறந்து அவளைத் தூக்காத குறையாக ஊற்றுக்கு இழுத்துக்கொண்டு ஓடினான். அவன் அழுவதை அன்றுதான் பார்த்தேன். அவளோ சிவந்து வெந்த கையைப் பார்க்கவே இல்லை. அவன் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மெதுவாடா, பாசி வழுக்கும்."

இந்தத் தடவை அவன் மெதுவாகக் காலை வைத்தான்.