கூரைக்கு மூன்று டெண்டர்

வெள்ளைக்காரன் காலத்தில் கொல்லிமலையில், அரியூர் நாட்டுப் பக்கம், ஜில்லா போர்டு பள்ளி ஒன்றில் வாத்தியாராக இருந்தேன். தலைமை ஆசிரியர், உதவி ஆசிரியர், மணி அடிப்பவர் எல்லாம் நானே. பள்ளிக்கு நான்கு சுவர் இருந்தது, கூரை இல்லை. ஆடிக் காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளத்தில் போட்டுவிட்டது. கூரை இல்லாத பள்ளியை மூடிவிடலாம் என்று போர்டில் ஒரு விதி உண்டு. மூடினால் தற்காலிக வாத்தியாரான எனக்கு வேறு பள்ளி கிடையாது. அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில், மாமனார் வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான். என்றைக்கு வந்து உட்காருவேன், நாலு வார்த்தை கேட்கலாம் என்று அவரும் காத்திருந்தார்.

கூரை வேய்ந்து கொடுங்கள் என்று போர்டுக்கு எழுதினேன். பதிலுக்கு ஒரு தகரப் பெட்டி வந்தது. உறை போட மேலே ஒரு வாய், பக்கத்தில் பூட்டு. சாவி மட்டும் கீழே ஓவர்சியரிடம். உள்ளூர் ஆட்களிடமிருந்து முத்திரையிட்ட மூன்று டெண்டர்கள் பெற வேண்டும், ஒன்று குறைந்தாலும் செல்லாது என்று உத்தரவு சொன்னது. மூன்று பழுப்பு உறைகளையும் ஒரு துண்டு அரக்கையும் மறக்காமல் அனுப்பியிருந்தார்கள். ஒரு கட்டுப் புல் அனுப்பத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

ஊர்க்கவுண்டரிடம் போய் விளக்கினேன். அந்த ஊரில் யார் வீட்டுக்குக் கூரை வேய்ந்தாலும் ஊரே கூடி வேயும். வீட்டுக்காரர் எல்லோருக்கும் சாமைச் சோறு போடுவார், அத்தோடு சரி. அப்படிப்பட்டவர்களிடம், ஒருவனைவிட ஒருவன் குறைத்து விலை சொல்ல வேண்டும் என்று எப்படிச் சொல்வது? எனக்கே கூச்சமாக இருந்தது. ஆகவே விலைப் பேச்சை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன்.

"மூணு உறைங்க. உள்ள இருக்கறது வெளிய தெரியக் கூடாது. எல்லார் முன்னாலயும் பிரிப்பாங்க. என்ன வருதோ அதுதான் முடிவு."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "இதுக்கா இத்தன சுத்தி வளைக்கறீங்க வாத்தியாரே? நாங்க எப்பவும் செய்யறதுதானுங்க. உறையக் குடுங்க."

ஒரே பேச்சில் புரியவைத்துவிட்டேன் என்று அன்று முழுக்கப் பெருமையாகத் திரிந்தேன்.

ஓவர்சியர் முழங்கால் வலிக்காரர். படிக்குப் படி போர்டைத் திட்டிக்கொண்டு மலையேறி வந்து, ஊர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து, முதல் உறையைக் கிழித்தார். உள்ளேயிருந்து ஒரு வெள்ளரளிப் பூ விழுந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடுத்த உறையில் செவ்வரளி. மூன்றாவதிலும் செவ்வரளி.

அந்த ஊரில் விதைப்பதானாலும் பெண் எடுப்பதானாலும் கோயிலில் பூக் கேட்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். வெள்ளையும் சிவப்புமாகப் பூக்களைத் தனித்தனியே பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது, சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது.

"ரேட் எங்கய்யா?" என்றார் ஓவர்சியர்.

"மொதல்ல வந்ததுதானுங்க சேத்தி. சாமி செரின்னுடுச்சு. நாளைக்கே வேஞ்சுர்றமுங்க" என்றார் ஊர்க்கவுண்டர்.

இன்னொரு முறை மலையேற ஓவர்சியரின் முழங்கால் ஒப்பவில்லை. 'மூன்று டெண்டர்கள் வந்தன. தொகை குறிப்பிடப்படவில்லை. பூக்கள் இணைக்கப்பட்டுள்ளன' என்று எழுதி, மூன்றையும் குண்டூசியால் காகிதத்தில் குத்திக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் ஊர் கூடியது. பொழுது சாய்வதற்குள் கூரை முடிந்தது. என் மனைவி எல்லோருக்கும் சோறு போட்டாள். கூரை வேய்ந்தாயிற்று, செலவே இல்லை என்று போர்டுக்குச் சந்தோஷமாக எழுதினேன். டெண்டர் செல்லாததால் கூரை வேயப்பட்டதாகக் கருத இயலாது என்று பதில் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது சும்மா இல்லை.

ஐப்பசியில் இன்ஸ்பெக்டர் கொட்டும் மழையில் வந்தார். எங்கள் கூரைக்குக் கீழே நின்று தலை துவட்டினார். நனையாத இடம் பார்த்து உட்கார்ந்து, ஃபைலைப் புரட்டிவிட்டு, 'கூரை இல்லை' என்று எழுதினார். நான் மேலே கை காட்டினேன். ஃபைலில் இல்லையே என்றார்.

தை பிறந்ததும் பள்ளியை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. விற்க வேண்டிய பொருள்களின் பட்டியலும் கூடவே இருந்தது. மேசை ஒன்று, கரும்பலகை ஒன்று, மணி ஒன்று, புல் கூரை ஒன்று. படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது. மனைவி அப்போது ஏழு மாதம். அவளைக் கூட்டிக்கொண்டு மாமனார் முன்னால் போய் நிற்க வேண்டும்.

மறுபடியும் மூன்று உறை, அதே தகரப் பெட்டி. இந்த முறை ஊர்க்கவுண்டருக்கு உத்தரவு முழுவதையும் படித்துக் காட்டினேன். வாங்குகிறவர் விலை எழுத வேண்டும் என்றும் சொன்னேன். விற்பனை முடியும்வரை தலைமை ஆசிரியர் அங்கேயே இருந்து பொருள்களைக் காக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அதை மட்டும் அவர் மறுபடி படிக்கச் சொன்னார்.

"அப்ப, விக்காத வரைக்கும்?"

"நான் இங்கதானுங்க இருக்கோணும். சம்பளமும் உண்டு."

"செரிங்க" என்று உறைகளை வாங்கிக்கொண்டார்.

ஓவர்சியர் வந்தார். முதல் உறையைக் கிழித்தார். சிவப்பு.

"சாமி வேண்டாங்குதுங்க" என்றார் ஊர்க்கவுண்டர் வருத்தமாக.

ஓவர்சியர் மற்ற இரண்டையும் தொடவே இல்லை. 'தகுந்த டெண்டர் வரவில்லை. பொருள்கள் தலைமை ஆசிரியர் பொறுப்பில் தொடர்க' என்று எழுதினார். முழங்காலுக்கு வெந்நீர் வாங்கி ஒற்றிக்கொண்டு புறப்பட்டார்.

பூவில் ஒன்று மாறியிருந்தால் என் கதி என்ன? பிரிக்காமல் கிடந்த இரண்டு உறைகளையும் எடுத்துக் கிழித்தேன். ஒன்றில் சிவப்பு. மற்றதிலும் சிவப்பு.

ஊர்க்கவுண்டரைப் பார்த்தேன். அவர் கூரையில் சற்றுத் தொங்கிய ஒரு புல்லை உள்ளே செருகிக்கொண்டிருந்தார்.

"சாமிய எதுக்குங்க சும்மா ரோசன பண்ண வெக்கோணும்?" என்றார். "மணியடிங்க வாத்தியாரே, புள்ளைங்க நிக்குது."