குடிநீர் வாரியத்து ‘ரெண்டு கையெழுத்து’

குடிநீர் வாரியத்தில் அவர் நிதி அலுவலர். அறைக் கதவில் இருந்த பலகை அப்படித்தான் சொன்னது. பம்ப் ஓட்டுகிறவரிலிருந்து வாரியத் தலைவர்வரை எல்லோரும் அவரை ‘ரெண்டு கையெழுத்து’ என்றார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. அவரும் “என்ன?” என்று திரும்பிப் பார்ப்பார்.

காரணம் எளிது. வாரியத்தின் பணம் ஒரு காசு நகர வேண்டுமென்றாலும் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர், பொறியாளர், அவர். இந்த மூவரில் யாராவது இருவர். பொறியாளர் எப்போதும் ஏதாவது ஒரு பள்ளத்தில் குழாயோடு குழாயாக இருப்பார். ஆகவே நடைமுறையில் தலைவரும் இவரும்தான். தலைவர் போட்டுவிட்டு, “எங்கே நம்ம ரெண்டாவது?” என்று தேடுவார். பெயர் அப்படி வந்தது.

பணத்தைக் கையாள்வதற்கும் முதலீடு செய்வதற்கும் வாரியத்தில் விதிகள் உண்டு. தடிமனான தாள்கட்டு. வாரியம் தொடங்கிய காலத்தில் அவரே உட்கார்ந்து எழுதியது. அதன் சாரத்தை மூன்று வரியாக்கித் தன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்தார்.

போட்ட பணம் திரும்பி வர வேண்டும்.
கேட்ட நாளில் வர வேண்டும்.
அதற்குப் பிறகுதான் கூடுதலாக வர வேண்டும்.

அதிக வட்டி தருகிறோம் என்று நிதி நிறுவனங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். கழுத்துப்பட்டை, பளபளக்கும் தாள்கள், சிரிப்பு. எல்லோருக்கும் டீ வரவழைப்பார். அவர்கள் வட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் சுவரைக் காட்டுவார்.

“கீழேயிருந்து மேல படிக்கிறீங்க தம்பி. முதல் வரியிலேருந்து வாங்க.”

முதல் வரியிலேயே பலர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். மகள் பள்ளியில் படித்தபோது தோழிக்குச் சைக்கிளை இரவல் கொடுக்கலாமா என்று கேட்டாள்.

“திரும்பி வருமா?”

“வரும்பா.”

“திங்கட்கிழமை வருமா? அன்னிக்கு உனக்கு வேணும்.”

“வரும். கூடுதலா என்ன வரும்னு கேக்கலியே?”

“காத்து அடிச்சுக் கொடுத்தா போதும்.”

மகளின் அம்மா மகப்பேறு மருத்துவமனையில் செவிலி. ராத்திரி பகல் பாராமல் பிள்ளைகளை உலகத்துக்கு வரவேற்றுவிட்டு வருகிறவள். அவளுக்கு இந்த விதிகளெல்லாம் வேடிக்கை. “எங்க வார்டுல ஒரு கையெழுத்துலயே ஆளை வீட்டுக்கு அனுப்பிடுறோம். உங்க அப்பாவுக்கு மின்விசிறி வாங்க ரெண்டு வேணும்” என்பாள். ஆனாலும் மின்விசிறிக் கடை ரசீதில் அவர் பெயருக்குக் கீழே அவளும் போட்டாள்.

மகள் கணினிப் படிப்பு முடித்தாள். கடைவீதியில் இருந்த வங்கியில், மாடியில், கணினிப் பிரிவில் பயிற்சி வேலை கிடைத்தது. செய்தி வந்த மாலை அம்மா இனிப்பு வாங்கி வந்தாள். அப்பா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, விரலைத் துடைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

“என்னங்க, பொண்ணுக்கு வாழ்த்தா?”

“தலைவருக்குக் கடிதம்.”

தண்ணீர் வரியைப் பொதுமக்கள் அந்த வங்கியில்தான் கட்டினார்கள். வாரியத்தின் வசூல் கணக்கு அங்கே இருந்தது. அலுவலர் ஒருவரின் உறவினர் அப்படிப்பட்ட வங்கியில் வேலை பார்த்தால் அவர் அதை எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு அந்த வங்கி சம்பந்தப்பட்ட எந்த முடிவிலும் அவர் தலை காட்டக் கூடாது. அதுவும் அவர் எழுதிய விதிதான்.

“அவ பணத்தையா தொடப் போறா? மெஷினைத்தானே தொடப் போறா” என்றாள் அம்மா.

“நான் விதி எழுதினப்ப மெஷின் இல்ல. இருந்திருந்தா அதையும் சேர்த்திருப்பேன்.”

மகள் சிரித்தாள். அன்று அது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஆண்டு முடிவு வந்தது. வசூல் கணக்கில் பெருந்தொகை சேர்ந்திருந்தது. பழைய இரும்புக் குழாய்களை மாற்றுவதற்கான பணம். குழாய்க்காரருக்கு அடுத்த கோடையில்தான் கொடுக்க வேண்டும். அதுவரை வைப்பில் போட, அங்கீகாரம் பெற்ற வங்கிகளிடம் மூடிய உறையில் வட்டி விகிதம் கேட்டிருந்தார்கள்.

வங்கி மேலாளர் மகளைத் தன் அறைக்கு அழைத்தார். நல்ல மனிதர்தான். சுற்றி வளைக்காமல் பேசினார்.

“பயிற்சியில ரெண்டு பேர் இருக்கீங்க. நிரந்தர இடம் இப்போதைக்கு ஒண்ணு. வாரியத்துப் பணம் நம்மகிட்டயே இருந்துச்சுன்னா தலைமை அலுவலகத்துக்கு உன் பேரைத்தான் எழுதுவேன். அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா.”

அவளுக்கு அந்த வேலை வேண்டும். கல்லூரிக் கடன் இருந்தது. அதைவிட, அந்த மாடி அறையும் குளிர்ந்த இயந்திரங்களின் இரைச்சலும் அவளுக்குப் பிடித்துப் போயிருந்தன. அன்று சாப்பாட்டு மேசையில் சொன்னாள். அப்பா தட்டில் கையை நிறுத்தினார்.

“உறை பிரிக்கிற அன்னிக்கு நான் அந்த அறையிலயே இருக்க மாட்டேன் கண்ணு.”

“தப்பா எதுவும் செய்யச் சொல்லலப்பா. எங்க வங்கி விகிதம் நல்லா இருந்தா, நல்லா இருக்குன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்.”

“நல்லா இருந்தா அதுவே சொல்லும்.”

“நீங்க சொன்னா என்ன?”

“நான் சொன்னா யாரும் விகிதத்தைப் பாக்க மாட்டாங்க. உன்னைத்தான் பாப்பாங்க.”

அம்மா தண்ணீர்க் குவளையைக் கொஞ்சம் ஓசையோடு வைத்தாள்.

உறை பிரித்த அன்று அவர் உறைகள் இருந்த பெட்டியின் சாவியைத் தலைவர் மேசையில் வைத்துவிட்டு, கீழே பம்ப் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த இரைச்சலில் ஒன்றும் காதில் விழாது. சற்று நேரத்தில் தலைவர் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, கையை ஆட்டி ஏதோ கத்தினார். அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். பம்ப் ஓட்டுகிறவர் மோட்டாரை நிறுத்திவிட்டார், என்ன விஷயமென்று தெரிந்துகொள்ள.

“உன் பொண்ணு வங்கிதான்யா. மத்த எல்லாரையும் விடக் கூட” என்றார் தலைவர்.

“எனக்கு எதுக்கு சார் சொல்றீங்க?” என்றார் அவர், காதிலிருந்து கையை எடுக்காமலேயே.

தலைவரும் பொறியாளரும் கையெழுத்திட்ட கடிதம் மறுநாள் காலை வங்கிக்குப் போனது. உணவு இடைவேளைக்கு முன்பே திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: பொறியாளரின் கையெழுத்து மாதிரியோடு ஒத்துப்போகவில்லை.

மாதிரிக் கையெழுத்து என்பது கணக்குத் தொடங்கும்போது ஒரு அட்டையில் போட்டுக் கொடுப்பது. பொறியாளர் அதைப் போட்டது இளம் வயதில். கொடி படர்வதுபோல் பெரிய கையெழுத்து, கடைசியில் ஒரு சுழி. பிறகு எத்தனையோ ஆண்டுகள் அளவுத்தாள்களில் போட்டுப் போட்டு அது தேய்ந்து, இப்போது ஒரு கோடும் ஒரு புள்ளியுமாக நின்றுவிட்டது.

வட்டி விகிதம் அன்று வங்கி மூடும்வரைதான் செல்லும். அதற்குப் பிறகு அடுத்த வங்கி. அதில் வாரியத்துக்கு வட்டி குறைவு. மகளுக்கு என்ன குறையும் என்பதைத் தலைவரும் அறிவார்.

“யோவ், நீ போட்டுடேன். உன்னோடது அச்சு மாதிரி இருக்கும். வாரியத்துக்குத்தானே லாபம்?”

“வேண்டாம் சார்.”

“உன் பொண்ணுக்காகக் கேக்கல. குழாய்க்காகக் கேக்கறேன்.”

“குழாய்க்குன்னு நான் போட்டாலும் ஊரு அதுல என் பொண்ணு முகத்தைத்தான் பாக்கும். குழாயை யாரும் பாக்க மாட்டாங்க, அது மண்ணுக்குள்ள இருக்கு.”

பொறியாளர் தன் கையெழுத்தைத் தானே எழுதிப் பழக உட்கார்ந்தார். பழைய கோப்பு ஒன்றிலிருந்து தன் இளமைக் கையெழுத்தைத் தேடியெடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். முதல் தாளில் கொடி வந்தது, சுழி வரவில்லை. இரண்டாம் தாளில் சுழி வந்தது, கொடி வாடிவிட்டது.

“இவ்வளவு நாள் கழிச்சு என்னையே கள்ளக் கையெழுத்துப் போட வெச்சிட்டீங்களேய்யா” என்றார்.

கடைசியில் வங்கிக்கே நேரில் போய் எல்லோர் முன்னிலையிலும் போட்டுவிடுவது என்று தலைவர் முடிவு செய்தார். இங்கே இன்னொரு சிக்கல். கடிதத்தில் வாரிய முத்திரை வேண்டும். முத்திரை அப்பாவின் பொறுப்பில். அது அலுவலகத்தை விட்டு வெளியே போனால் பொறுப்பாளரும் கூடவே போக வேண்டும். ஆக, அவர் வங்கிக்குப் போயே ஆக வேண்டும். அந்த முடிவில் தலை காட்டக் கூடாதென்பதால் வங்கிக்குள் போகவும் கூடாது. இரண்டும் அவரே எழுதியவை.

மாடி ஜன்னலிலிருந்து மகள் பார்த்தாள். தலைவரும் பொறியாளரும் வேகமாக வங்கிக்குள் நுழைந்தார்கள். எதிர்ப்பக்கம், சைக்கிள் கடை வாசலில், அப்பா குடையை விரித்துக்கொண்டு நின்றார். வங்கிக்கு முதுகைக் காட்டி. தொங்கிய டயர்களைப் பார்த்தபடி. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் குடையோடு தலையை ஆட்டினார். சற்று நேரத்தில் தலைவர் வெளியே வந்து, சாலையைக் கடந்து, அவர் பையிலிருந்து முத்திரையை வாங்கிக்கொண்டு திரும்ப ஓடினார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுக்கு முந்தின நாள்வரை இருந்த கோபம் அந்த முதுகைப் பார்த்ததும் எங்கே போனதென்று தெரியவில்லை. கீழே இறங்கிப் போகவும் தோன்றியது. போகவில்லை. தனக்கும் அங்கே வேலை இல்லை என்று புரிந்தது.

கீழே நடந்ததைப் பிறகு முகப்புக் கணக்கர் சொன்னார். பொறியாளர் இரண்டு தடவை போட்டார். இரண்டும் சரியில்லை. வியர்த்துக் கொட்டியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி ஒரு கையில், பேனா ஒரு கையில். “எங்கே போடணும், இங்கேயா?” என்று தட்டுத்தடுமாறிப் போட்டார். கொடி படர்ந்தது. சுழி விழுந்தது. அட்டையோடு வைத்துப் பார்த்தால் அச்சு அசல். மாதிரி அட்டையில் போட்டபோது அவருக்குக் கண்ணாடி கிடையாது. கண்ணாடி வந்த பிறகுதான் எழுத்தெல்லாம் சுருங்கியிருக்கிறது.

“இனிமே உங்ககிட்ட வரும்போது குருடனாத்தான் வரணும்போல” என்றாராம்.

பணம் வங்கியிலேயே தங்கியது. மேலாளர் மாடி ஏறி வந்தார். வாயெல்லாம் சிரிப்பு.

“உங்கப்பா ஏன்மா உள்ள வரல? வெயில்ல நின்னாரே.”

அவள் சொன்னாள். அவர் ஜன்னல் வழியே ஒருமுறை பார்த்துக்கொண்டார். அதற்குள் அப்பா போயிருந்தார்.

“சரி. தலைமை அலுவலகத்துக்கு இன்னிக்கே எழுதிடறேன்.”

“சார்.” அவள் தயங்கினாள். “இந்த டெபாசிட்டை வெச்சு எழுதாதீங்க. வேலையைப் பார்த்து எழுதுங்க.”

மேலாளர் வேலையைப் பார்த்தே எழுதினார். கூடப் பயிற்சியில் இருந்த பையன் அவளைவிட ஒரு மாதம் முன்னால் சேர்ந்தவன், வேலையிலும் சுத்தம். இடம் அவனுக்குப் போனது. அவளுக்கு அடுத்த ஆண்டுதான் வந்தது.

“ஒரு வருஷச் சம்பள வித்தியாசத்தை உங்க பேர்ல எழுதி வெச்சிருக்கேன்” என்றாள் அம்மா கணவரிடம்.

“வேலை வந்துச்சா இல்லியா?”

“வந்துச்சு.”

“அப்ப முதல் வரி சரி.”

“ரெண்டாவது வரி? கேட்ட நாள்ல வரலியே.”

அவர் யோசித்தார். கல்லூரிக் கடன் தவணை முடியும்வரை மாதாமாதம் தன் சம்பளத்திலிருந்து ஒரு பங்கை மகளிடம் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் அம்மாவையும் கையெழுத்துப் போட வைத்தார்.

அவர் பணி ஓய்வு பெற்ற மறுநாள், வங்கி திறந்ததும் முதல் ஆளாக வந்து வரிசையில் நின்றார். மகள் அங்கே சேர்ந்த பிறகு அவர் அந்தப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. மகள் இறங்கி வந்தாள்.

“என்னப்பா?”

“கணக்குத் தொடங்கணும். இப்ப நான் யாரும் இல்ல.”

மாதிரி அட்டையைக் கணக்கர் நீட்டினார். அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு நிதானமாகப் போட்டார். “பொறியாளர் பாடம்” என்றார்.

அந்தக் கையெழுத்தின் படம் வங்கியின் இயந்திரத்தில் பதினோரு ஆண்டுகள் இருந்தது. அவர் போன பிறகு அம்மா இறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தாள். கணக்கை மூடி, படத்தை நீக்க வேண்டும். கணினிப் பிரிவுக்கு இப்போது மகள்தான் தலைமை. நீக்குவதற்கு இரண்டு பேர் ஒப்புதல் தேவை. முதல் ஒப்புதலைக் கொடுத்துவிட்டு, உதவியாளர் அவள் பக்கம் திரும்பினார்.

“ரெண்டாவது உங்களோடது, மேடம்.”

“என்னோடது வேண்டாம். அவர் என் அப்பா. மேலாளர்கிட்ட வாங்கிக்குங்க.”

உதவியாளர் தொலைபேசியில் பேசினார். திரையில் அப்பாவின் கையெழுத்து பெரிதாக நின்றிருந்தது. பார்த்தது போதும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஆனாலும் எழுந்து ஜன்னலருகே போய், திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். எதிரே சைக்கிள் கடை இன்னும் இருந்தது. வாசலில் டயர்கள் தொங்கின. ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“முடிஞ்சுது, மேடம்” என்றார் உதவியாளர்.

அவள் உடனே திரும்பவில்லை. சிரிப்பு வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.