இராமலிங்கத்தின் ஐந்து புள்ளி ஏழு

மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்குகளில் இருபத்தாறு ஆண்டுகள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய இராமலிங்கத்துக்கு இப்போது அறுபத்தொரு வயது. செவ்வாய், வியாழன், சனி காலை ஆறே முக்காலுக்குக் கிள்ளானில் உள்ள டயாலிசிஸ் நிலையத்துக்கு வந்துவிடுவார். நான்கு மணி நேரமும் அவருடைய கால் ஆடிக்கொண்டே இருக்கும். வலது கண் சர்க்கரையால் போய்விட்டது. இடது கண்ணாவது நிலைக்க வேண்டுமே என்பதுதான் அவருடைய ஒரே கவலை. பக்கத்து நாற்காலியில் மூன்று ஆண்டு நான்கு மாதமாக இருக்கிறேன்.

எங்கள் காலைக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை முடிவு வரும் நாளில், மிகக் குறைந்த எண் யாருக்கோ அவருக்கு மற்றவர்கள் கீழ்க்கடையில் பசியாற வாங்கித் தருவோம். 2024 மார்ச் 12 அன்று இராமலிங்கத்துக்கு 5.7. முந்தைய எண் 8.4.

"என்ன பாஸ், பட்டினியா கெடந்தீங்களா?" என்றார் எதிர் நாற்காலி ஜாபர் அலி.

"கட்டுப்பாடு லா! ரொட்டி சானாய் தின்னுட்டு என்னப் பாத்து வயிறெரியாதீங்க."

அன்றைக்கே பதினான்கு யூனிட் இன்சுலினை எட்டாக அவராகவே குறைத்துக்கொண்டார். ஆனால் மனைவி சீதாலெட்சுமி விரலில் குத்திப் பார்த்தபோதெல்லாம், பத்துக்குள் இருக்க வேண்டிய எண் 13.8, 15.1, 14.4. மெஷின் பழசு என்றார் இராமலிங்கம். புதிது வாங்கினார்கள். 14.9.

"லேப் பேப்பர் பொய் சொல்லுமா?"

"அப்ப உங்க வெரலு பொய் சொல்லுதா? கண்ணுல கறுப்பா என்னமோ மெதக்குதுன்னு நேத்து யாரு சொன்னா?"

அவர் எழுந்து வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தாராம்.

மார்ச் 28 அன்று சீதாலெட்சுமி எண்கள் எழுதிய தாளோடு நிலையத்துக்கே வந்துவிட்டார். டாக்டர் விஷ்ணுப்ரியா அதைப் படித்துவிட்டு, "அங்கிளுக்கு ரத்தம் ஏத்துனது எப்ப?" என்று கேட்டார். இராமலிங்கத்துக்கு நினைவில்லை. பிப்ரவரி 6, 17 என்று நான் சொன்னேன்.

"அதான் அங்கிள். இந்த டெஸ்ட், சிவப்பணுவுல ஒட்டியிருக்கிற சக்கரையத்தான் பாக்குது. ஏத்துன ரத்தம், ரத்தம் ஊற நாங்க போடுற ஊசி, எல்லாம் சேந்து உங்களுக்கு நெறைய புது அணு. அதுல சக்கரை ஒட்ட நாள் ஏது? நம்பர் கொறைச்சலாத்தான் காட்டும். கிட்னி போனவங்க இத மட்டும் நம்பக் கூடாது. இன்சுலின கொறைக்கலியே?"

இராமலிங்கம் கூரையைப் பார்த்தார். "எட்டு போடுறாரு டாக்டர்," என்றார் சீதாலெட்சுமி.

நாள் முழுக்கச் சர்க்கரையை அளக்கும் சென்சார் ஒன்றை அவர் கையில் ஒட்டினார்கள். பதினான்கு நாள் சராசரி 13.6. இன்சுலினை டாக்டரே சிறுகச் சிறுக ஏற்றினார். ஏப்ரல் 17 அன்று கண் மருத்துவர், இடது கண்ணுக்குள் புதிய கசிவு இருப்பதாகச் சொல்லி லேசர் போட்டார். எவ்வளவு பார்வை நிற்கும் என்று மூன்று மாதம் கழித்துத்தான் சொல்ல முடியுமாம்.

மறுநாள் நிலையத்தில் இராமலிங்கம் இமையை மூடி மூடித் திறந்து, எதிர்ச்சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழு இருவதுதானே அண்ணே?"

மணி ஏழு நாற்பது.