உறைக்குள் ஒரு கடல்

ஆட்டச் சீட்டுக்குப் போடும் கண்ணாடி உறையின் வாயை ஊதிப் பிரிக்கமாட்டாள். மூச்சில் ஈரம் இருக்கிறதாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே லேசாக நெருடினால் போதும், உறை தானாக வாயைத் திறக்கும். சீட்டு உள்ளே இறங்கும். கீழிருந்து மேலாகக் கட்டைவிரலால் ஒரே இழுப்பு. சிக்கிய காற்று வெளியேறிவிடும். அப்புறம் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்ப்பாள். உள்ளே ஒரு தூசி, ஒரு துணிநார் தெரிந்தால் போயிற்று, மறுபடியும் முதலிலிருந்து. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

“என்னங்க, அடுப்ப அணைங்க! இப்பதான் கையத் துடைச்சுட்டு உக்காந்திருக்கேன்!”

அவளுக்குப் பெயர் வேறு இருக்கிறது. ஆனால் தம்பி வைத்த ‘கவரக்கா’தான் மூன்று மாடிக்கும் பரவி, இப்போது தபால்காரரே அப்படித்தான் கூப்பிடுகிறார். டி.வி. ரிமோட்டுக்குக் கவர், பஸ் பாஸுக்குக் கவர், சுவரில் தொங்கும் நாள்காட்டிக்கும் கவர். “வீட்டுக்கு வந்த விருந்தாளி கொஞ்சம் அசந்து உக்காந்தா அவருக்கும் ஒண்ணு மாட்டிடுவா” என்பான் தம்பி. அவள் சிரிக்கமாட்டாள். விருந்தாளியின் அளவை யோசிப்பது போல ஒரு பார்வை மட்டும் பார்ப்பாள்.

வேலை, பார்சல் பிரிக்கும் கூடத்தில். நகரும் பட்டையில் பெட்டிகள் வரும். ஊர் பார்த்து, தெரு பார்த்து, ஆட்கள் கூண்டுகளுக்குள் எறிவார்கள். அவள் மேற்பார்வை. ‘கண்ணாடி, கவனம்’ என்று ஒட்டிய பெட்டிதான் முதலில் தலைகுப்புற விழும் என்பது அங்கே எழுதாத சட்டம். “நாள் பூரா மூலை நசுங்குறதப் பாக்குறவளுக்குத்தான் மூலையோட அருமை தெரியும்” என்பாள். திரும்பி வந்த காலணிப் பெட்டிகளில், தின்னாதே என்று எழுதிய குட்டிப் பொட்டலங்கள் கிடக்குமே, ஈரம் உறிஞ்ச வைப்பது, அவற்றைப் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். முகம் பார்க்காமலேயே “அக்கா, இந்தாங்க” என்று தூக்கிப் போடுவார்கள்.

எல்லாம் ஒரு பெட்டிக்காக. அலமாரியின் நடுத்தட்டில், வெயில் படாத மூலையில் இருக்கும் கப்பல் சீட்டாட்டம். சீட்டுக்கட்டுக்குள் கப்பல்கள் உண்டு, வெறும் அலைகள் உண்டு, சூறாவளி ஒன்றே ஒன்று. உன் முறை வந்தால் எத்தனை சீட்டு வேண்டுமானாலும் எடுக்கலாம். கப்பல் வந்தால் உன் கடலில் நிற்கும். போதும் என்று நிறுத்தினால் கரை சேர்ந்துவிடும். அதன் பிறகு யாரும் தொட முடியாது. நிறுத்துவதற்குள் சூறாவளி வந்தால் கடலில் நின்றதெல்லாம் போச்சு. சூறாவளியும் மிச்சமிருக்கும் கட்டுக்குள்ளேயே திரும்பப் போய்க் கலந்துவிடும். கட்டு மெலிய மெலிய சூறாவளி நெருங்கும். பன்னிரண்டு கப்பல் கரை சேர்த்தவர் ஜெயித்தார். சிறுபிள்ளைக்கும் புரியும் விளையாட்டு, பெரியவர்களைச் சிறுபிள்ளையாக்கும் விளையாட்டு. அதை அச்சடித்த கம்பெனி எப்போதோ கடையைச் சாத்திவிட்டது. ஒரு சீட்டு போனால் போனதுதான்.

அதனால் ஆட்டத்துக்கு முன்னால் கைச் சோதனை உண்டு. கணவர் குழாய் வேலை பார்ப்பவர். பள்ளிக்கூடப் பையன் மாதிரி இரண்டு கையையும் முன்னும் பின்னும் திருப்பிக் காட்டுவார். “நகக்கண்ணு?” என்பாள். திரும்பப் போய்க் கழுவிவிட்டு வருவார். தம்பி மனைவி மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். கைக்குக் களிம்பு தடவும் பழக்கமுள்ளவள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வறண்ட கையோடு வருவாள். தம்பிக்குத்தான் தனிச் சட்டம். சிப்ஸ் இல்லாமல் அவனால் ஆட முடியாது. ஆகவே ஐஸ்கட்டி எடுக்கும் இடுக்கி ஒன்றை அவன் தட்டில் வைத்துவிடுவாள். அவன் ஓட்டுநர் பள்ளியில் வண்டி கற்றுக்கொடுப்பவன். வாரம் முழுக்க அடுத்தவர் பயத்துக்குப் பிரேக் மிதித்த கால், ஞாயிற்றுக்கிழமை மேஜைக்கடியில் ஆக்சிலரேட்டரைத் தேடும். இடுக்கியால் சிப்ஸைக் கவ்விக்கொண்டே, “இன்னொண்ணு! இன்னொண்ணு!” என்று கத்துவான்.

ஓர் உறை கிழிந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். போதாது. பழைய உறைகளுக்கு நடுவே ஒரு புது உறை, கூட்டத்தில் வெள்ளைச் சட்டைக்காரன் மாதிரி. மேலே பளபளப்பு, விரலுக்கு வழுக்கல். எந்தச் சீட்டு என்று கண் தெரியாதவருக்கும் தெரிந்துவிடும். ஆகவே கவரக்கா உதிரி உறைகளைச் சும்மா வைத்திருக்கமாட்டாள். வெற்று அட்டை சொருகி, ஆடுகிற கட்டோடு சேர்த்து வாராவாரம் கலைத்து, அவற்றுக்கும் சமமாக வயதேற்றுவாள். “சும்மா கெடந்தா இளமையா இருந்துடும். கூடவே கெழடாகட்டும்.” ஒரு குடும்பத்தை வளர்ப்பது போலத்தான்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவளின் நெஞ்சில், போன மாதம் தம்பி ஒரு முள்ளை வைத்துவிட்டான். அந்த வருடத்தில் யார் எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள் என்ற கணக்கில் அக்காவும் தம்பி மனைவியும் சமமாக நின்ற சமயம். அன்றைக்கு ஜெயித்தது அக்கா.

“ஜெயிக்காம? கவர் போட்டது நீ, தொடைக்கிறது நீ, அடுக்குறது நீ. எந்தக் கவர்ல எந்தக் கீறல்னு உன் வெரலுக்குத் தெரியாதா? சூறாவளி வர்றதுக்கு ஒரு சீட்டு முன்னாடியே கரையேறிடுறியே, எப்படி?”

வேடிக்கைக்குத்தான் சொன்னான். தம்பி மனைவிகூட, “சும்மா இருங்க, அண்ணி அப்படியெல்லாம் பண்ணமாட்டாங்க” என்றாள். அந்த ‘பண்ணமாட்டாங்க’தான் இன்னும் சுட்டது. பண்ணினார்களா என்ற கேள்வியை அந்தப் பதிலே உட்கார வைத்துவிட்டது. சீக்கிரம் கரையேறுவது அவள் சுபாவம். இரண்டு கப்பல் வந்தால் போதும் என்று நிறுத்திவிடுகிறவள். அதை எப்படி நிரூபிப்பது? அன்று இரவு பாத்திரம் கழுவும்போது கணவரிடம் சொன்னாள். “இந்த வருஷத்துக் கடைசி ஆட்டத்துல ஜெயிக்கணும்ங்க. ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்ல முடியாதபடி ஜெயிக்கணும்.”

அதற்காகத்தான் கடைசி ஆட்டத்தன்று காலை அந்தப் பால் பொங்கியது. பழைய உறைகள் அத்தனையையும், வயதேற்றிய உதிரிகள் உட்பட, உருவிக் குப்பையில் போட்டாள். வண்டி வந்து அள்ளிக்கொண்டும் போய்விட்டது. இப்போது போட்ட உறைகள் முன்பக்கம் கண்ணாடி, பின்பக்கம் கறுப்பு, எல்லாம் புத்தம்புதுசு, எல்லாம் ஒரே வயது. கீறலே இல்லாதபோது எந்தக் கீறலை விரல் படிக்கும்? பாக்கெட்டில் இருந்த உறைகள் கட்டுக்குச் சரியாக இருந்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. கச்சிதமாக அமைந்ததே என்று அப்போது சந்தோஷப்பட்டாள்.

மதியம் மேஜையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தார்கள். ஆட்டம் தீப்பிடித்தது. தம்பி மனைவி சத்தமில்லாமல் பதினொன்று கரை சேர்த்துவிட்டாள். இன்னும் ஒன்று வந்தால் முடிந்தது. அக்கா ஒன்பது. கணவர் ஐந்தோடு, “நான் பார்வையாளன்” என்று அறிவித்துவிட்டார். கட்டு சுண்டுவிரல் தடிமனுக்கு மெலிந்திருந்தது. தம்பியின் முறை. கடலில் நாலு கப்பல் நிற்க, எழுந்து நின்றே எடுத்தான்.

“இன்னொண்ணு!”

கப்பல்.

“இன்னொண்ணு!”

சூறாவளி.

“அடச்சீ!” என்று கசக்குகிற வேகத்தில் சீட்டை இறுக்கினான். நகம் பட்ட இடத்தில் உறை பக்கவாட்டில் ‘பர்ர்’ என்று வாய் பிளந்தது.

இடுக்கியில் கவ்விய சிப்ஸ் நழுவி விழுந்தது. சீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கவரக்கா ஒரே பார்வையில் பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளுத்தது வேறு கணக்கில்: இனிமேல் கட்டுக்குள் சூறாவளி எங்கே இருக்கிறது என்று நாலு பேருக்கும் தெரியும்.

“டேப் ஒட்டிடலாம்க்கா” என்றான் தம்பி, குரலை இறக்கி.

“ஒட்டினா? டேப் இருக்குற சீட்டுதான் சூறாவளின்னு போர்டு மாட்டின மாதிரி.”

“வேற ஆட்டத்துப் பெட்டியிலருந்து ஒரு கவர்...”

“அதுக்கெல்லாம் பின்பக்கம் பச்சைடா, இது கறுப்பு.”

மருந்துக்கடைக்காரி யோசித்தாள். “ஒரு கப்பல வெளிய வச்சுட்டு, அதோட கவர இதுக்குப் போட்டா என்ன அண்ணி?”

“வெளிய வைக்கிற கப்பல் உனக்கு வர வேண்டிய கப்பலா இருந்தா?” என்று தம்பி மனைவியிடம் துள்ளினான். “நீ தோத்துட்டு, வருஷம் பூரா ‘அந்தக் கப்பல் மட்டும் இருந்திருந்தா’ன்னு பொலம்புறத நான்தானே கேக்கணும்!”

“சரி, அடுத்த வாரம் வச்சுக்கலாம். புதுசா கவர் வரட்டும்” என்றார் கணவர்.

தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “அடுத்த வாரமா? அதுக்குள்ள அக்கா எல்லாக் கவரையும் மனப்பாடம் பண்ணிடுவா மாமா!”

கவரக்கா அவனைப் பார்த்தாள். கட்டைப் பார்த்தாள். மேல் சீட்டை எடுத்து, முகம் தெரியாமல் மேஜையோடு ஒட்டிக் கவிழ்த்துப் பிடித்து, உறையை உருவினாள்.

“ஏம்மா, என்ன பண்ற?” என்றார் கணவர்.

“கழட்டுறேன். எல்லாருக்கும் வெறும் சீட்டு. வெறும் சீட்டுல எந்த வெரலும் படிக்க முடியாதுல்ல?”

இரண்டாவது. மூன்றாவது. சூறாவளியும் உறையைக் கழற்றிவிட்டு அவற்றோடு கலந்தது. அப்போதுதான் தம்பி மனைவி, “ஐயோ, பின்னாடி பாருங்க!” என்றாள். அத்தனை வருடமாகக் கறுப்புக்குப் பின்னால் இருந்தது நீலம். ஆழமான, கொஞ்சமும் வெளுக்காத நீலம். அதில் மெல்லிய வெள்ளை அலைகள். இரண்டு சீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் அலை அடுத்ததில் போய்ச் சேர்ந்தது. பெட்டி வாங்கிய அன்றே உறை போட்டவள் அவள். அன்று காலை உறை மாற்றியபோதுகூட அவள் தேடியது தூசியைத்தான், இந்த நீலத்தைப் பார்க்கவேயில்லை.

“எல்லாத்தையும் கழட்டுங்க அண்ணி, எல்லாத்தையும்!”

தம்பி சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான். போதாதென்று எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தான். எட்டுக் கைகள் உறை உருவின. கரை சேர்ந்த கப்பல்கள், ஒதுக்கிப் போட்ட அலைகள், எல்லாம். மேஜை முழுக்கத் தண்ணீர். கணவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “இத்தன வருஷமா நம்ம வீட்ல இவ்ளோ தண்ணி நின்னிருக்கு, குழாய்க்காரன் எனக்குத் தெரியல பாரு.”

கட்டைத் தம்பி மனைவி கலைத்து நடுவில் வைத்தாள். அக்காவின் முறை. மூன்று கப்பல் வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் அடுத்து தம்பி மனைவி ஒன்றை எடுத்து முடித்துவிடுவாள்.

முதல் சீட்டு, கப்பல். உறையின் மங்கல் இல்லாமல் பாய்மரம் சிவப்பாக எரிந்தது.

இரண்டாவது, அலை.

மூன்றாவது, கப்பல். பதினொன்று.

“கரையேறிடுவா பாரு” என்றான் தம்பி. அவன் குரலிலும் இப்போது கேலி இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். தம்பி மனைவி தன் வறண்ட உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டாள்.

“நிறுத்திக்கம்மா” என்றார் கணவர்.

கவரக்கா நிறுத்தவில்லை. நாலாவது சீட்டு, அலை. கட்டில் ஏழெட்டுதான் மிச்சம். அதற்குள் எங்கேயோ சூறாவளி. விரல் மேல் சீட்டைத் தொட்டது. வெறும் அட்டை, எதுவும் சொல்லவில்லை. காது மடல் வரைக்கும் அவளுக்குச் சூடு ஏறியது. பார்சல் கூடத்தில் ஒரு நாளும் அவள் எதையும் எறிந்ததில்லை. எறிகிறவர்களைத் திட்டித்தான் பழக்கம்.

எடுத்தாள். தான் மட்டும் பார்த்தாள்.

பிறகு அந்தச் சீட்டை, முழு உள்ளங்கையோடு, மேஜைமேல் ‘பட்’டென்று அறைந்தாள். தண்ணீர்க் குவளைகள் குதித்தன. கையை எடுத்தபோது சிவப்புப் பாய்மரம்.

“பன்னெண்டு!”

தம்பி தலையில் கை வைத்தான். தம்பி மனைவி, “அண்ணி!” என்று கத்திக்கொண்டே எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கணவர் காரணமில்லாமல் விசிலடித்தார். இருபது வருடத்தில் அவர் விசிலடித்து அந்த வீடு கேட்டதில்லை.

தம்பிதான் முதலில் கவனித்தான். “அக்கா... அக்கா, சீட்டு. மூலை மடங்கிடுச்சுக்கா.”

அவளுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. இரண்டு முழங்கையையும் மேஜைமேல் பரப்பி, நீலம், சிவப்பு என்று அத்தனை சீட்டையும் ஒரே வாரலாகத் தன் பக்கம் இழுத்து, கலைக்க ஆரம்பித்திருந்தாள்.