ஒருத்தரும் சாகல்ல, வெளியில வாங்க

அன்று காலை எங்கள் கல்லடி ஒழுங்கைக்குள் ஒலிபெருக்கிச் சத்தம் நுழைந்தபோது, அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு வழக்கமான முதல் வசனத்துக்காகக் காத்து நின்றேன். அது வரவில்லை. பழக்கமில்லாத ஒரு குரல் நேரே பெயரைச் சொன்னது. அறிவித்தல் சந்திரன் முந்தின நாள் மாலை மாரடைப்பால் காலமாகிவிட்டார். அவருடைய ஓட்டோவில், அவருடைய மைக்கிலேயே அதைச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

அந்த முதல் வசனம் எதுவென்று அவரைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஓட்டோவில் ஒலிபெருக்கி வந்தால் யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். மாறுகிற சட்டங்களையும் சந்திரன் அதே ஓட்டோவில் அறிவிக்கத் தொடங்கியபோது, பெண்கள் பதறியடித்துப் படலைக்கு ஓடி வந்து, "ஆரு மோசம் போன?" என்று கேட்டார்கள். அதன் பிறகு அவர் இப்படித்தான் தொடங்குவார்: "ஒருத்தரும் சாகல்ல, பயப்பிடாம வெளியில வாங்க. சட்டம் ஒண்டு மாறியிரிக்கி."

அவருக்கு எழுதிக் கொடுத்தது நான். புளியந்தீவில் ஒரு சட்ட உதவி நிலையத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். அரசாங்க வர்த்தமானியில் வரும் சட்ட மாற்றங்களைச் சுருக்கி ஒரு தாளில் கொடுப்பேன். வாசித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். "மிஸ், இதில 'ஏற்பாடுகள்' எண்டு மூண்டு தரம் கிடக்கு. இது ஆருக்கு அடிக்கும்? அத முதல் சொல்லுங்க." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இருந்தாலும் திருத்திக் கொடுப்பேன். வேலை நேரம் பற்றிய விதி ஒன்றில் நான் 'தொழில்தருநர்' என்று எழுதியிருந்ததை வெட்டிவிட்டு 'உங்கட முதலாளி' என்று வாசித்தார். மறுநாள் தையல் ஆலைப் பெண்கள் நான்கு பேர் எங்கள் நிலையத்துக் கந்தோர் வாசலில் நின்றார்கள்.

ஓட்டமாவடியில் காதர் காக்கா என்று ஒருவர். ஊர்காவல் படையில் இருந்தபோது குண்டு வெடித்து இரண்டு காதும் போனவர். காயப்பட்ட படையினர் தங்கள் வைத்தியச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு மாற்றம் வந்தது. காது கேளாத மனிதனுக்கு ஒலிபெருக்கியால் என்ன பயன்? சந்திரன் ஓட்டோவை நிறுத்தி இறங்கி, பிஸ்கட் பெட்டியின் மட்டையைக் கிழித்துப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார். முதல் வரி, "ஒருத்தரும் சாகல்ல." காக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

இனிச் சொல்லப்போவதை இரண்டு வருடமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் தாய்மாருக்கு, பிள்ளை இத்தனை வயதைத் தாண்டியிருக்க வேண்டும் என்று ஓர் எல்லை உண்டு. அது தளர்த்தப்பட்டிருந்தது. நான் அதைக் கவனிக்காமல் பழைய விதியையே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் வாசித்தார். வாவிக்கரையில் புஷ்பா என்ற பெண் அதைக் கேட்டாள். புருசன் தோணியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில். பிள்ளைக்கு மூன்று வயது. தனக்கு இனி வழியில்லை என்று நினைத்துக் வெளிநாட்டில் கிடைத்திருந்த வேலையிடத்தை விட்டுக்கொடுத்தாள். பிழை எங்களுக்குத் தெரியவந்தபோது அந்த இடத்தில் வேறொருத்தி போய்விட்டாள்.

சந்திரன் அவள் வீட்டின் முன் ஓட்டோவை நிறுத்தினார். நான் பின் இருக்கையில் இருந்தேன். "புஷ்பா தங்கச்சி, நான் அறிவிச்சது பிழை. சந்திரன் சொல்றன், பிழை என்னில. என்ன மன்னிச்சிக்கம்மா." தெருவே கேட்டது. மைக்கை வாங்க என் கை எழவில்லை. திரும்பும் வழியில் பாலத்தில் வைத்து அவரே சொன்னார்: "நீங்க நாளைக்கும் அந்தக் கந்தோரில இரிக்கணும் மிஸ். உங்கள நம்பாட்டி சனம் எங்க போற?" நான் அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

சந்திரனின் செத்த வீட்டுக்குப் புஷ்பாவும் வந்திருந்தாள். இப்போது அரிசி ஆலையில் வேலை செய்கிறாள். அவளைத் தனியே கூப்பிட்டு, அந்தத் தாளை எழுதியவள் நான்தான் என்று சொன்னேன்.

"இத அப்பவே சொல்லியிரிக்கலாமே மிஸ்," என்றாள். "அந்த மனிசன் ரெண்டு வருசமா எங்கட ரோட்டால மைக்க நிப்பாட்டிப்போட்டுத்தானே போன."

எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் தெரியாது. அவர் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்த அந்தப் பிழையான தாள், என் கையெழுத்தில், இன்னும் என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அதுவும், அவர் கேட்கும் அந்த ஒரு கேள்வியும்தான். அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவன்று அந்த ஓட்டோவில் ஏறிப் புஷ்பாவின் தெருவுக்குப் போகப்போகிறேன். அங்கே வாசிக்க எழுதிவைத்திருப்பது இவ்வளவுதான்:

"ஒருத்தரும் சாகல்ல எண்டு தொடங்க ஏலாத அறிவித்தல் இது. ஆருக்கு அடிக்கும் எண்டத முதல் சொல்றன், எனக்கு. அந்தத் தாள எழுதின நான். சந்திரனில பிழை இல்ல."