அறுகம்பே விருந்தில் மூன்றாவது பீங்கான்

1. செஃப் வந்து சொன்னது

மூன்றாவது பீங்கானில் வந்த மாட்டிறைச்சியில் நான் இரண்டு துண்டு சாப்பிட்டிருந்தேன். அப்போதுதான் கொழும்பிலிருந்து அழைக்கப்பட்டிருந்த செஃப் எங்கள் மேசைக்கு வந்தார். நண்பன் யோகராசாவின் கிளாசிலிருந்த சிவப்பு வைனைக் காட்டி இங்கிலீசில் விளக்கம் சொன்னார். "இதே வைனில்தான் இந்த இறைச்சி காலையிலிருந்து வெந்தது. சோசும் அதுதான். இரண்டும் எப்படிச் சேருகிறதென்று பாருங்கள்." பெருமையாகச் சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு வெள்ளைக்காரர்களின் மேசைக்குப் போய்விட்டார்.

மூன்றாவது துண்டு என் வாயில் இருந்தது. கை துடைக்கும் சேவியட்டை எடுத்து அதில் துப்பினேன். எனக்குப் பக்கத்திலிருந்த ரவூப் கரண்டியைக் கீழே வைத்தான். யோகராசா குடிக்கத் தூக்கிய கிளாசை அப்படியே பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான்.

"மச்சான், நீ போன்ல சொன்னதானே?" என்றான்.

சொல்லியிருந்தேன். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

2. நாங்கள் மூவரும் அங்கே போன கதை

நாங்கள் மூவரும் கொழும்பில் ஒரே ஹோட்டலில் வேலை செய்தவர்கள். நான் ரெஸ்டோரண்டில் பரிமாறும் ஸ்டூவர்ட்டாகச் சேர்ந்து கெப்டனாக ஓய்வு பெற்றேன். தம்பிலுவில் யோகராசா பாரில் நின்றவன். என் ஊர் சாய்ந்தமருது ரவூப் ரிசப்ஷன். வேலைக் காலத்தில் எத்தனையோ வைன் போத்தல்களைத் திறந்து மற்றவர்களுக்கு ஊற்றியிருக்கிறேன். ஒரு சொட்டும் என் நாக்கில் பட்டதில்லை. அதற்காக ஊரில் என்னைக் குறை சொன்னவர்களும் உண்டு. அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள கணக்கு என்று விட்டுவிடுவேன்.

யோகராசாவுக்கு அறுபது வயதானபோது எங்கேயாவது ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்று ஆசைப்பட்டான். ரவூப்பின் தங்கை மகன் பயாஸ் அறுகம்பேயில் ஒரு ரெஸ்டோரண்டில் மெனேஜர். அங்கே ஐந்து வகைச் சாப்பாடு, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான வைன் என்று ஒரு விருந்து வைத்தார்கள். குடிக்காதவர்களுக்கு வைனுக்குப் பதிலாகப் பழச்சாறு, சாப்பாடு எல்லாம் ஹலால் என்று பேஸ்புக்கில் தமிழிலும் போட்டிருந்தார்கள்.

என் மனைவி, "அந்த மேசையில உங்களுக்கென்ன வேல?" என்று கேட்டாள். கூட்டாளிக்காகப் போகிறேன், என் பீங்கானில் அது வராது என்று சொன்னேன். சொன்னபடி நடக்க வேண்டும் என்பதற்காகவே பயாசுக்குப் போன் எடுத்தேன்.

"மகன், வைன் கிளாஸ் மட்டுமில்ல. சோஸ், சூப், இனிப்பு, ஒண்டிலயும் இரிக்கப்படா. கிச்சனுக்குச் சொல்லு."

"ஓம் மாமா. அதெல்லாம் நான் பார்த்துக்கொள்றன். நம்மட ஆக்கள் கனபேர் வாறாங்க" என்றான்.

அந்த ஓம்-ஐ நம்பித்தான் ரவூப்பின் காரில் ஏறினேன். தம்பிலுவிலில் யோகராசாவையும் ஏற்றிக்கொண்டு, மஃரிப் தொழுகையைப் பொத்துவிலில் முடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தோம். யோகராசாவுக்கு வைன் ஊற்றினார்கள். எங்கள் இருவருக்கும் அதே மாதிரியான கிளாசில் மாதுளஞ்சாறு வந்தது. முதல் இரண்டு பீங்கானில் மீனும் இறாலும் வந்தன. நன்றாகவே இருந்தன.

3. நான் கேட்டது ஆவியைப் பற்றி இல்லை

செஃப் போனதும் பயாசைக் கூப்பிட்டேன். வந்தவனுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. என் காதருகே குனிந்தான்.

"மாமா, அது அடுப்பில கொதிக்கக்குள்ள ஆவியாப் போயிரும். ஒண்டும் மிஞ்சாது."

"நான் ஆவியப் பத்திக் கேக்கல்ல. நான் போன்ல என்ன சொன்ன, நீ என்ன சொன்ன?"

"கிச்சன்ல ஒரே இறைச்சிக்கு ரெண்டு சட்டி வைக்க ஏலாதாம் மாமா. செஃப் கொழும்பு ஆள், ஒத்துக்கொள்ளமாட்டார். போன தரமும் இப்படித்தான். எங்கட ஆக்கள் வந்து நல்லாச் சாப்பிட்டுட்டுத்தான் போன. ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல."

"அவங்களுக்குத் தெரியுமா?"

அவன் கடற்கரைப் பக்கம் மணலில் போட்டிருந்த மேசைகளைத் திரும்பிப் பார்த்தான். அங்கே எங்கள் ஊர்ப்பக்கக் குடும்பங்கள் மூன்று நான்கு இருந்தன. அலைச் சத்தத்தில் செஃப் பேசியது அவர்களுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் அவர் தமிழில் சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் அதே இறைச்சிதான் இருந்தது.

சோசில் வைன் விழுந்தது ஒரு பிழை. பிழை எந்தக் கிச்சனிலும் நடக்கும். ஆனால் இவன் தெரிந்துகொண்டே தலையாட்டியிருக்கிறான். கொழும்பில் ஒருமுறை ஒரு விருந்தாளி, இந்தச் சூப்பில் நண்டு உண்டா என்று கேட்டார். கிச்சனுக்குப் போய் விசாரிக்கப் பஞ்சிப்பட்ட ஸ்டூவர்ட் ஒருவன், இல்லை என்றான். இருந்தது. அந்த மனிதருக்கு முகம் வீங்கி மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் பிழைத்தார். அந்த ஸ்டூவர்ட் சோம்பேறி. பயாசின் செயலுக்கு அந்தப் பெயர்கூடப் போதாது.

"நீயே போய் அந்த மேசைகளுக்குச் சொல்லு" என்றேன்.

"மாமா, என்ட வேல போயிரும்."

"அப்ப நான் சொல்லுவன்."

ரவூப் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், என்ட தங்கச்சிட மகன்டா. உட்டுடு. தெரியாமத் திண்டா அவங்களுக்குக் குத்தமில்ல. நீ போய்ச் சொன்னாத்தான் அவங்கட மனசு கெடும்."

எனக்குக் கொஞ்சம் தயக்கம் வந்தது உண்மை. சாப்பிட்டவர்களை ஏன் வேதனைப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். அப்போது யோகராசா கிளாசை மேசையில் வைத்தான்.

"அவங்களுக்குக் குத்தமில்ல, சரி. நமக்கு?" என்றான். "நான் பார்ல நிண்டவன். ஊத்துறதில குறைச்சா, குடிக்கிறவன் கிளாசைத் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடிச்சிருவான். இந்தச் சனம் என்னத்தத் தூக்கிப் பார்க்கிற? நீ போ மச்சான். நானும் வாறன்."

4. நிந்தவூர்ப் பெண்

கிட்ட இருந்த மேசையில் ஓர் இளம் கணவனும் மனைவியும். நிந்தவூர் என்று பிறகு தெரிந்தது. ஸலாம் சொல்லி, என்னைப் பற்றியும் சொல்லி, இறைச்சியில் வைன் சேர்த்திருக்கிறது என்றேன். கணவனுக்குச் சினம் ஏறியது. பயாஸ் மீதல்ல, என் மீது.

"திண்டு முடியிற நேரத்தில வந்து இதச் சொல்லோணுமா? சும்மா இருந்திரிக்கலாமே."

மனைவி அவன் கையைத் தட்டிவிட்டாள். "அவர் சொன்னது நல்லம். மாமா, உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"செஃப்ட வாயாலயே கேட்டன் மகள்."

அவள் எழுந்து பயாசிடம் போனாள். சத்தம் போடவில்லை. ஆனால் அவள் பேசியது எல்லாருக்கும் கேட்டது.

"முதல் ஸ்டூவர்ட்டிட்டக் கேட்டன். மறுகா உங்களக் கூப்பிட்டுக் கேட்டன். எங்கட உம்மா வீட்டுச் சாப்பாடு மாதிரி நினைச்சுச் சாப்பிடுங்க தங்கச்சி எண்டு சொன்னீங்க. சொன்னீங்களா இல்லயா?"

"கோவப்படாதீங்க தங்கச்சி. உங்களுக்குப் பில் வேணாம்."

"பில்லப் பத்தி ஆரு கேட்ட? நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அவன் தலைகுனிந்தான். அவள் மற்ற மேசைகளின் பக்கம் திரும்பினாள். "இறைச்சியில வைன் இரிக்கி. தெரிஞ்சவங்க சாப்பிடுங்க. தெரியாதவங்களுக்குச் சொல்லிட்டன்."

ஒரு குடும்பம் பிள்ளைகளின் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தது. ஓர் அம்மா அழத் தொடங்கிவிட்டார். ஒரு பெரியவர் மட்டும், "நான் முழுக்கத் திண்டுட்டனே புள்ள" என்று வெறும் பீங்கானைப் பார்த்தபடி இருந்தார்.

இந்தச் சத்தத்துக்கு செஃப் வெளியே வந்தார். யோகராசா அவரிடம் சிங்களத்தில் நடந்ததைச் சொன்னான். கேட்கக் கேட்க அந்த மனிதரின் முகம் சிவந்தது.

"எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னொரு சட்டியில் கொறுக்காய்ப் புளி போட்டுச் சமைத்திருப்பேன். அதில் எனக்கென்ன கஷ்டம்?" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாவின் மேசைக்கு நேராகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார்.

பயாஸ் கிச்சனில் கேட்கவே இல்லை. இரண்டு சட்டி வைக்க ஏலாது என்று அங்கே யாரும் சொல்லவும் இல்லை. பிழை செய்யாத செஃப் கும்பிட்டுக்கொண்டு நின்றார். செய்தவன் கவுண்டருக்குப் பின்னால் நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

5. பிறகு

அப்படியே எழுந்து காரில் திரும்பினோம். தம்பிலுவிலில் இறங்கும்போது யோகராசா என்னிடம், "என்ட பிறந்தநாளுக்கு நீ பட்டினி. நாளைக்கு வீட்ட வா, மீன் ஆக்கித் தாறன்" என்றான். போனேன். ரவூப் வரவில்லை.

பயாசின் வேலை போகவில்லை. சில நாள் கழித்து எனக்குப் போன் எடுத்தான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன்.

"மாமா, நீங்களும் ஹோட்டல் தொழில் செய்தவர். உள்ளுக்க வெச்சே கதைச்சிரிக்கலாமே" என்றான்.

இந்தத் தொழிலில் இருந்ததற்காக நான் வெட்கப்பட்டது அந்த ஒரு தடவைதான். போனை வைத்துவிட்டேன்.

ரவூப் என்னோடு பல வாரம் கதைக்கவில்லை. பள்ளிவாசலில் கண்டால் வேறு பக்கத்தால் போய்விடுவான். பிறகு ஒரு ஜும்மா தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கும்போது பக்கத்தில் வந்து நின்றான்.

"மச்சான், எனக்கு ஒண்டுதான் மனசு ஆறுதில்ல. நானும் அண்டைக்கு அந்த இறைச்சியத் திண்டன். பயாஸ் பக்கத்திலதான் நிண்டான். மாமா இன்னும் கொஞ்சம் வைக்கட்டா எண்டு கேட்டவன்."

இருவரும் ஒன்றாக வீட்டுக்கு நடந்தோம்.

இப்போது நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் ஹோட்டல் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பீங்கானில் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், கிச்சனுக்கு நடந்துபோய்க் கேளுங்கள். அங்கே சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் திரும்பிவந்து சொல்லுங்கள். கேட்டவர் எழுந்து போய்விடலாம், மெனேஜர் ஏசலாம். ஆனால் நீங்கள் ஓம் என்று சொன்ன பிறகு அவர் பார்த்துச் சாப்பிடுவதில்லை. உங்களை நம்பி வாயைத் திறக்கிறார்.