யோகேஸ்வரியின் இருபத்திரண்டு பேச்சுகள்

1994-இல் நான் என் நண்பர் சுகுமாறனுக்கு ஆயிரத்து எண்ணூறு மலேசிய வெள்ளி கடன்பட்டிருந்தேன். பழைய வேன் ஒன்றுக்கு முன்பணம் கட்டக் கேட்டேன். சீட்டு எடுத்த பணத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்தார். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. பதினான்கு மாதத்தில் கடைசி வெள்ளிவரை அடைத்தேன். அந்த ஒரு வேன் இன்றைக்கு ஒன்பது பஸ். பாசிர் கூடாங்கில் எந்தத் தொழிற்சாலை வாசலில் வேண்டுமானாலும் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள், 'மதிவாணன் டிரான்ஸ்போர்ட்' என்று எழுதிய பஸ் ஒன்றாவது ஆள் இறக்கிக்கொண்டிருக்கும். ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். படித்தவர்கள் நான்கு பேர் இன்று என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள்.

ஆனால் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல, சுகுமாறனின் மனைவி யோகேஸ்வரியைப் பற்றி. அந்தச் சீட்டே அவர் பெயரில் போட்டது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

யோகேஸ்வரி பண்டார் தெங்காரா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் பாசிர் கூடாங்கிற்கு வந்து பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சேர்ந்தார். முதல் ஐந்து வருடம் போத்தல் மூடிகளின் ஓரப் பிசிறைக் கத்தியால் சீவும் வேலை. பிறகு தரம் பார்க்கும் பிரிவு. இன்றுவரை அங்கேதான். சுகுமாறன் இறந்து பன்னிரண்டு வருடமாகிறது, ஒரே மகள் மெர்சிங்கில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவர் என் முதல் நம்பர் பஸ்ஸில்தான் வேலைக்குப் போவார். டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை. அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மாசாய் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு எடுப்பார். பத்தொன்பது வருடமாகச் சம்பளம் இல்லை. வருடக் கடைசியில் கோயில் நிர்வாகம் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பொன்னாடை போர்த்தும். வீட்டு அலமாரியில் பத்தொன்பது பொன்னாடைகள் அடுக்கி வைத்திருக்கிறார்.

அவர் பாடம் நடத்துவதை நான் ஒருநாள் வெளியே நின்று கேட்டேன். ஒரு பயல் எழுந்து, "டீச்சர், கோயிலை ஏன் சுத்துறோம்? உள்ளதான சாமி இருக்கு?" என்று கேட்டான். அவர் கைப்பையிலிருந்து ஒரு போத்தல் மூடியை எடுத்தார்.

"இதை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்காம நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஒரு பக்கம் பளபளன்னு இருக்கும், மறுபக்கம் கீறல் இருக்கும். நாம சாமியைச் சுத்திப் பார்க்கலடா. நம்மளை நாலு பக்கமும் சாமிகிட்ட திருப்பிக் காட்டுறோம்."

இன்னொரு நாள் கோயில் மணியைப் பற்றி. "மணி அடிக்கறது சாமியை எழுப்பவா? அது தூங்கினாத்தானே! ஃபேக்டரியில சைரன் மெஷினுக்கா அடிக்குது? நமக்குத்தான். ஷிப்ட் ஆரம்பிச்சிருச்சு, கையில இருக்கற போனை வெச்சிட்டு உள்ள வான்னு அர்த்தம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எந்தப் புத்தகத்திலிருந்தும் அவர் எடுக்கவில்லை. முப்பது வருடம் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அவராகக் கண்டது. வேலை இடத்தில் வீணாகும் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி வைப்பார்.

இப்போது செல்வாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தங்கை மகன், முப்பத்து நான்கு வயது. சிங்கப்பூரில் விளம்பரக் கம்பெனியில் ஒலிப்பதிவு வேலை. கம்பெனி ஆள் குறைத்தபோது திரும்பி வந்தான். ஆறு மாதம் வீட்டில் சும்மா கிடந்துவிட்டு என்னிடம் வந்தான்.

"மாமா, பாட்காஸ்ட் ஒண்ணு தொடங்கறேன். 'கூடாங் பேச்சு'ன்னு பேரு. செவ்வாய்க்கிழமை சமயம், சனிக்கிழமை நம்ம ஊர்க் கலைஞருங்க. உறுமி மேளம் அடிக்கறவரு, கல்யாண மேடை சோடிக்கறவங்க, கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிக்கறவருன்னு எல்லாரையும் கூப்பிட்டு, இந்தத் தொழில்ல எப்படிச் சோறு திங்கறதுன்னு கேக்கப் போறேன்."

"அதுல உனக்கு எப்படிச் சோறு?"

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

ஒலிவாங்கியிலிருந்து சுவரில் ஒட்டும் பஞ்சுவரை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். என் ஆபீஸ் மாடியில் அறை, வாடகை இல்லை. பதிலுக்கு ஒவ்வொரு பாகமும் 'மதிவாணன் டிரான்ஸ்போர்ட் ஆதரவில்' என்று தொடங்கும். அதை நான்தான் கேட்டு வாங்கினேன். உழைத்தவன் பெயர் நாலு பேர் காதில் விழுவதில் தப்பில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு ஆள் வேண்டும் என்றான். யோகேஸ்வரியிடம் அழைத்துப்போனதும் நான்தான்.

"எனக்கு மைக்கு முன்னால பேச வராதுப்பா," என்றார் அவர்.

"நீங்க வகுப்புல பேசறதைப் பேசுங்க ஆன்ட்டி, போதும்."

"நான் ஃபேக்டரி பேச்சுப் பேசறவ. யார் இதைச் சொல்றாங்கன்னு சொல்லுவியா?"

"கண்டிப்பா லா."

அவர் என்னைப் பார்த்தார். "என் தங்கச்சி மகன், எனக்குத் தெரியாதா?" என்றேன். என் வார்த்தைக்காகத்தான் ஒப்புக்கொண்டார். எட்டு ஞாயிறு, வகுப்பு முடிந்ததும் மாடியேறி வந்து பேசினார். தாள்கள் ஒரு கட்டு சேர்ந்திருந்தன. அதையும் செல்வாவிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

நிகழ்ச்சி வெளிவந்தது. நன்றாகவும் போனது. முதல் நம்பர்க்காரர் பழைய பாட்டுத்தான் போடுவார், மற்ற டிரைவர்கள் காலையில் பஸ்ஸில் அதைத்தான் போடுவார்கள். சந்தையில் ஆட்கள், முதலாளி என்ற அர்த்தத்தில், "தவுக்கே, ரேடியோவுல உங்க பேரு வருது!" என்பார்கள். அது ரேடியோ இல்லை என்று நான் திருத்தவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை முதல் நம்பர் டிரைவருக்கு உடம்பு சரியில்லை. எழுபத்தொரு வயதிலும் என் கை தளரவில்லை, நானே பஸ்ஸை எடுத்தேன். யோகேஸ்வரி பின்னால் இருந்தார். ஆறரை மணி இருக்கும், பாட்காஸ்ட்டைப் போட்டேன். முதலில் என் பெயர். பிறகு செல்வாவின் குரல்: "ஒருநாள் தொழிற்சாலை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது, நண்பர்களே. சைரன் யாருக்காக ஒலிக்கிறது? இயந்திரத்துக்கா?"

அவன் வாழ்நாளில் தொழிற்சாலை வாசலில் நின்றதில்லை.

பஸ்ஸில் எல்லாரும் ஆகா என்றார்கள். அணைக்கலாம் என்று கையை நீட்டினேன்.

"வேணாம்ணே," என்றார் அவர். "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க."

முழுவதும் கேட்டார். போனை வெச்சிட்டு உள்ள வா என்று அவர் சொன்ன வேடிக்கை உட்பட எல்லாம் இருந்தது. அவர் குரல் மட்டும் இல்லை. அவர் பெயரும் இல்லை. வாசலில் இறங்கும்போது படியில் நின்று திரும்பினார்.

"அண்ணே, செவ்வாய்க்கிழமைப் பேச்சு இதுவரைக்கும் இருபத்தாறு வந்திருக்காம். இருபத்தாறு வாட்டியும் உங்க பேர் வருதாம். அதுக்கப்புறம் ஒரு வாட்டியாச்சும் காது குடுத்தீங்களா?"

செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சியில் என் பெயர் முடிந்ததும் என் கவனமும் முடிந்துவிடும். அதுதான் உண்மை. மறுநாள் முதல் அவர் கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிறு விஷயம் முற்றியது. மணியைப் பற்றி அவர் பேசத் தொடங்கியதும் ஒரு சிறுமி, "டீச்சர், இது செல்வா அங்கிளோடது. நாங்க கேட்டுட்டோம்," என்றாள். வாசலில் நின்ற அவளுடைய அம்மா பிரவீனா சிரித்துக்கொண்டே, "பாட்காஸ்ட்டைக் கேட்டு வந்து சொல்றீங்களா டீச்சர்? பரவால்ல, நல்லாத்தான் சொல்றீங்க," என்றார். கோயில் செயலாளர் ராஜசேகரன் ஒரு படி மேலே போனார். அடுத்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்து 'கூடாங் பேச்சு'வையே போட்டுவிடலாம், டீச்சருக்கும் ஓய்வு என்றார்.

பத்தொன்பது வருட வகுப்பு. சொந்தப் பேச்சைத் திருடியவர் என்ற பெயரோடு அது போகப் போகிறது.

நான் மாடியேறினேன். செல்வா காதில் மாட்டியதைக் கழற்றினான்.

"அவங்க குரல் எங்கடா?"

"சுத்தமா வரலை மாமா. மெஷின் சத்தத்துல இருந்து பழகி, கத்திக் கத்திப் பேசறாங்க. நான் மெருகேத்தினேன்."

"பேரு?"

"அவங்க சேவையா செய்யறவங்க. பேரெல்லாம் எதிர்பார்க்க மாட்டாங்க. நவராத்திரியில கூப்பிட்டு ஒரு பொன்னாடை போத்திடலாம்."

எனக்குக் கை துறுதுறுத்தது. இரண்டு வாரத்துக்கு முன்பு சனிக்கிழமை நிகழ்ச்சியில் நாடகம் எழுதும் ஒருவரை வைத்துக்கொண்டு இவன் பேசியதை நானே கேட்டிருந்தேன். "பொன்னாடையைக் கொண்டுபோய்க் கொடுத்தா மளிகைக் கடையில அரிசி தருவாங்களா? ஒரு பாகம் எழுதிக் கொடுத்தா அறுபது வெள்ளிக்குக் குறையாம வாங்குங்க. கலையும் உழைப்புத்தான்." அன்றைக்கு என் ஆபீஸில் எல்லாரும் கைதட்டினார்கள்.

"ஊருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?"

"மாமா, உங்க பேரை ஒருநாளாச்சும் விட்டேனா? அப்புறம் எதுக்குக் கோவம்?"

அந்தக் கேள்வி என்னை அறைந்தது. என் வாயை அடைக்க எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டு, என் பெயரைக் கொண்டே அடைத்திருக்கிறான். சொந்த இரத்தம். என் வீட்டுச் சோறு. வியாபாரத்தில் என்னை ஏமாற்றியவர்கள் உண்டு, அவர்களை நான் எழுந்து நின்று ஜெயித்திருக்கிறேன். இவனிடம் உட்கார்ந்த இடத்திலேயே தோற்றேன்.

யோகேஸ்வரி ஒன்றே ஒன்று கேட்டனுப்பினார்: செல்வா வகுப்புக்கு வந்து, பதினெட்டுப் பிள்ளைகள் முன்னால், இந்தப் பேச்சு யாருடையது என்று சொல்லிவிட்டுப் போகட்டும். சரி என்றான். ஞாயிறு வந்தது, அவன் வரவில்லை. பாட்காஸ்ட்டின் அடியில், யாரும் படிக்காத சின்ன எழுத்தில், 'நன்றி: யோகா ஆன்ட்டி மற்றும் பலர்' என்று போட்டிருந்தான்.

"மற்றும் பலரா," என்றார் யோகேஸ்வரி, போனைத் தள்ளி வைத்துப் படித்துவிட்டு. "அந்தப் பலர் யாருண்ணே? எனக்கும் பார்க்கணும்."

"எவ்வளவு வேணும்னு சொல்லும்மா. நான் குடுக்கறேன்."

"உங்க காசை நான் தொடமாட்டேன். அவன் குடுக்கட்டும். அவன் வாயால சொன்ன கூலி. தன் சொந்தப் பேச்சுக்கு எவனாச்சும் அடுத்தவளுக்குக் கூலி குடுப்பானா? பிள்ளைங்களுக்கு அது போதும், புரிஞ்சிக்கும்."

பிறகு ஒரு தாளை நீட்டினார். இருபத்தாறு பாகங்களையும் கேட்டிருக்கிறார். ஒவ்வொன்றின் தலைப்பையும் எழுதி, பக்கத்தில் சரி போட்டிருந்தார். நான்கில் மட்டும் குறுக்குக் கோடு. "இந்த நாலும் என்னோடது இல்ல. அவனே பேசினது. இருபத்திரண்டுதான்."

நான் செல்வாவிடம் பேச்சை வளர்க்கவில்லை. "ஞாயிறு பத்து மணி. ஐம்பது வெள்ளித் தாள் இருபத்திரண்டு, பத்து வெள்ளித் தாள் இருபத்திரண்டு. இல்லைன்னா மாடியைக் காலி பண்ணு." அவனுடைய அம்மா போன் போட்டு அழுதாள். நான் கேட்டுவிட்டுப் போனைக் கீழே வைத்தேன்.

வந்தான். பளபளக்கும் பொன்னாடை ஒரு கையில், உறை ஒரு கையில். பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பிரவீனாவும் இன்னும் சில பெற்றோரும் சுவரோரம் நின்றார்கள். ராஜசேகரன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். செல்வா நிகழ்ச்சிக் குரலில் தொடங்கினான்: "டீச்சரோட ஆசீர்வாதத்தோட, நம்ம எல்லாரோட சார்பா..."

"ஆசீர்வாதம் இருக்கட்டும்பா. அந்தத் துணியை அங்க வை. காசு எதுக்குன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லு."

அவன் வாய் திறந்தான், மூடினான். என்னைப் பார்த்தான். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

"வாய் வரலைன்னா பரவால்ல. கை வரும்ல? உறையைப் பிரி, எண்ணு."

"ஆன்ட்டி, மொத்தமா ஆயிரத்து முந்நூத்து இருபது. சரியா இருக்கு. நீங்க வீட்டுல போய்..."

"நான் தரம் பார்க்கறவ. மொத்தமா வாங்கிப் பழக்கமில்ல."

அவர் தாளை முன்வரிசைச் சிறுமியிடம் கொடுத்தார். அன்றைக்கு 'செல்வா அங்கிளோடது' என்று சொன்ன அதே பிள்ளை. வலது கையை விரித்து நீட்டினார். கத்தி பட்ட பழைய தழும்புகள் அந்த உள்ளங்கையில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன.

"படிம்மா."

"கோயில் மணி எதுக்கு," என்று அவள் படித்தாள்.

செல்வா ஒரு ஐம்பதை வைத்தான், அதன்மேல் ஒரு பத்தை வைத்தான்.

"கோயிலை ஏன் சுத்துறோம்."

ஐம்பது. பத்து.

நான்காவது தலைப்பு வரும்போது பின்வரிசைப் பயல் ஒருவன், "டீச்சர், இதை நீங்க போன வருஷமே எங்களுக்குச் சொன்னீங்க!" என்று கத்தினான். ஆறாவதிலிருந்து தாள் தேவைப்படவில்லை. தேங்காய், திருநீறு, செருப்பு என்று பிள்ளைகளே முந்திக்கொண்டு சொன்னார்கள். பிரவீனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ராஜசேகரன் நாற்காலியை விட்டு எப்போது எழுந்தார் என்று நான் கவனிக்கவில்லை. யோகேஸ்வரி யாரையும் பார்க்கவில்லை. தாள்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் இரண்டு பத்து ஒட்டிக்கொண்டு வந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

இருபத்தோராவது ஐம்பது. பத்து.

"கடைசி," என்றாள் சிறுமி. "விளக்கு ஏத்தினா ஏன் கையால அணைக்கறதில்ல."

செல்வா ஐம்பதை வைத்தான். உறைக்குள் துழாவி, மடிந்து கிடந்த பத்து வெள்ளியை எடுத்து, நீவி, அந்தக் கையில் வைத்தான்.